ஆபீஸா, வீடா, ஹைப்ரிடா? வேலை பார்க்கும் இடம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

புதிதாக வேலையில் சேர்ந்தவர்கள், குழந்தை பிறந்தபின் திரும்பி வர நினைப்பவர்கள், டீம் நடத்துகிறவர்கள் என்று பலரும் என்னிடம் கேட்கிற கேள்விகள் இவை. பதில்கள் பெரும்பாலும் சென்னையையும் தமிழ்நாட்டையும் வைத்துத்தான். ஆனால் நாம் உட்காரும் மேஜையும் அதைச் சுற்றி நிற்கும் தடுப்பும் வேறு ஊர்களில் பிறந்து இங்கே வந்தவை என்பதால், அங்கேயும் கொஞ்சம் போய்வர வேண்டியிருக்கிறது.

எல்லோரும் ஒரே கட்டடத்தில் கூடி வேலை பார்க்கும் வழக்கம் எதற்காக வந்தது?

முக்கியமாகக் காகிதத்துக்காக. பேரேடு, கடிதம், ரசீது, கோப்பு எல்லாம் ஓரிடத்தில்தான் இருந்தன. அவற்றைத் தொட வேண்டியவர்கள் அங்கே வந்தாக வேண்டும்.

நம் அரசு அலுவலகங்களில் இதை இன்றும் கண்ணால் பார்க்கலாம். மதராஸ் மாகாணக் காலத்திலிருந்து வரும் டாட்டன்ஹாம் என்ற அலுவலக நடைமுறையில் ஒவ்வொரு எழுத்தருடைய இருக்கைக்கும் ஒரு குறியீடு உண்டு: அ1, அ2, ஆ3 என்று. தாலுகா அலுவலகத்திலிருந்தோ கலெக்டர் அலுவலகத்திலிருந்தோ வீட்டுக்கு வந்த பழைய கடிதம் ஒன்றை எடுத்துப் பாருங்கள். மேலே ‘ந.க.எண். 4127/அ2/2016’ என்பதுபோல் ஒரு எண் இருக்கும். நடுவில் இருக்கும் அந்த அ2 ஆளைக் குறிப்பதில்லை, இருக்கையைக் குறிக்கிறது. தபால் வந்ததும் அந்த இருக்கையின் தன்பதிவேட்டில் ஏறும். எழுத்தர் குறிப்பு எழுதிக் கண்காணிப்பாளருக்கு அனுப்புவார், அங்கிருந்து மேலே போகும், உத்தரவோடு கீழே இறங்கும். ஆள் மாற்றலாகிப் போனாலும் கோப்பு அதே இருக்கையில்தான் கிடக்கும். “அந்த சீட் இன்னிக்கு லீவு சார், திங்கக்கிழமை வாங்க” என்று கவுன்டரில் சொல்கிறார்களே, அதில் பாசாங்கு எதுவும் இல்லை. வேலை உண்மையிலேயே அந்த நாற்காலியில்தான் இருந்தது.

இப்போது அரசு அலுவலகங்களில் இ-ஆபீஸ் வந்து கோப்பு திரைக்குப் போய்க்கொண்டிருக்கிறது. கோப்பு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டால் ஆளும் எழுந்துபோகலாமா என்ற கேள்வியிலிருந்துதான் இந்தப் பக்கத்தின் மற்ற கேள்விகள் எல்லாம் வருகின்றன.

வரிசையாக மேஜை போட்டு, எல்லோரும் கண்ணில் படும்படி உட்காரவைக்கும் முறை?

அமெரிக்காவில், தொழிற்சாலையைப் பார்த்து ஆபீஸ் கற்றுக்கொண்டது. பிரெட்ரிக் டெய்லர் என்ற பொறியாளர் தொழிலாளியின் ஒவ்வொரு அசைவையும் கடிகாரம் வைத்து அளந்தார், அதே நோக்கு எழுத்து வேலைக்கும் வந்தது. பஃபலோ நகரில் சோப்பு விற்ற லார்க்கின் நிறுவனத்துக்காக ஃபிராங்க் லாயிட் ரைட் என்ற கட்டடக் கலைஞர் வடிவமைத்து 1906-இல் முடிந்த கட்டடம் இதற்குப் பேர்போனது. நடுவில் கண்ணாடிக் கூரை போட்ட பெரிய கூடம், கீழே வரிசையாக மேஜைகள், சுற்றிலும் மாடங்கள். வெளிச்சத்துக்கும் காற்றுக்கும் நிறைய யோசித்திருந்தார்கள். யார் என்ன செய்கிறார்கள் என்பதும் மேலிருந்து தெரிந்தது.

அப்போது தொடங்கிய இழுபறி இன்னும் முடியவில்லை. ஆபீஸ் ஊழியருக்கு வசதியாக இருக்க வேண்டுமா, மேற்பார்வைக்கு வசதியாக இருக்க வேண்டுமா? ஒவ்வொரு புது வடிவமும் முதல் காரணத்தைச் சொல்லி வந்து, போகப்போக இரண்டாவதற்கோ செலவைக் குறைப்பதற்கோ வளைந்திருக்கிறது. மேஜையைச் சுற்றித் தடுப்பு வைக்கும் க்யூபிகிள் வந்த கதை இதற்கு நல்ல சாட்சி.

க்யூபிகிளை யார் கண்டுபிடித்தார்கள்?

ராபர்ட் புரோப்ஸ்ட். ஹெர்மன் மில்லர் என்ற அறைகலன் நிறுவனத்தில் ஆராய்ச்சி செய்தவர். சதா உட்கார்ந்தே இருப்பது உடம்புக்கும் மூளைக்கும் ஆகாது என்று நினைத்தார். நின்று வேலை பார்க்க உயரமான மேஜை, விரித்த கோப்புகளை அப்படியே விட்டுப்போக இடம் என்று யோசித்து, 1964-இல் ‘ஆக்ஷன் ஆபீஸ்’ வந்தது. விலை அதிகம், விற்கவில்லை. 1968-இல் இரண்டாவது பதிப்பு. இதில் தடுப்புகளை நகர்த்தலாம், உயரத்தை மாற்றலாம், 120 பாகைக் கோணத்தில் விரித்துவைத்து ஒவ்வொருவரும் தனக்கேற்ற மூலையை அமைத்துக்கொள்ளலாம்.

நிறுவனங்கள் வேறு கணக்குப் போட்டன. 120 பாகையை 90 ஆக்கினால் அதே தளத்தில் இன்னும் பல பேரை அடைக்கலாம். ஊழியர் தன் விருப்பப்படி மாற்றிக்கொள்ளச் செய்த பொருள், யாரும் மாற்ற முடியாத பெட்டியாகிவிட்டது. புரோப்ஸ்ட் 2000-இல் இறந்தார். அதற்கு முன்பே, தன் யோசனைக்கு நேர்ந்த கதியை வெளிப்படையாகக் கண்டித்துப் பேசிவிட்டுத்தான் போனார்.

சென்னையில் இது எப்படி வந்து சேர்ந்தது?

அண்ணா சாலை எல்.ஐ.சி. கட்டடம் 1959-இல் திறந்தது. அந்தக் காலத்து ஆபீஸ் என்றால் அண்ணா சாலையும் பாரிமுனையும்தான். பஸ், மின்சார ரயில் எல்லாம் அங்கேதான் போய்ச் சேரும். 2000 ஜூலையில் தரமணியில் டைடல் பார்க்கைப் பிரதமர் வாஜ்பாய் திறந்துவைத்தார். தமிழக அரசு நிறுவனங்களான டிட்கோவும் எல்காட்டும் சேர்ந்து கட்டிய அந்தக் கட்டடத்தின் பரப்பு ஏறத்தாழ 12.8 லட்சம் சதுர அடி. அதற்கப்புறம் வேலை மொத்தமும் பழைய மகாபலிபுரம் சாலையில் (ஓ.எம்.ஆர்.) தெற்கே இறங்கி, பெருங்குடி, சோழிங்கநல்லூர், நாவலூர், சிறுசேரி என்று நீண்டது. ரயில் அதன்கூடப் போகவில்லை. மெட்ரோவின் இரண்டாம் கட்டப் பணி அந்தச் சாலையில் இப்போதுதான் நடக்கிறது.

எனவே கம்பெனி பஸ், கேப், பைக். அம்பத்தூரிலிருந்தோ பெரம்பூரிலிருந்தோ சிறுசேரிக்குப் போகிறவருக்கு வேலை நேரத்தோடு இன்னொரு அரை ஷிப்ட் சாலையிலேயே போய்விடும். ‘வீட்டிலிருந்து வேலை’ என்றதும் சென்னைக்காரர் முகம் மலர்வதற்குப் பாதிக் காரணம் இந்தச் சாலைதான். சோம்பேறித்தனம் என்று அதைச் சொல்வது அநியாயம்.

தடுப்பே இல்லாத ஓப்பன் ஆபீஸில் ஆட்கள் அதிகம் பேசிக்கொள்வார்கள் என்கிறார்களே?

அளந்து பார்த்தபோது நேர்மாறாக வந்தது. ஈதன் பெர்ன்ஸ்டீன், ஸ்டீபன் டர்பன் என்ற ஆய்வாளர்கள் இரண்டு பெரிய நிறுவனங்களில் ஊழியர் கழுத்தில் உணர்கருவியை மாட்டி, ஓப்பன் ஆபீஸுக்கு மாறுவதற்கு முன்னும் பின்னும் பார்த்தார்கள். முகத்துக்கு முகம் பேசுவது சுமார் 70 சதவீதம் குறைந்து, மின்னஞ்சலும் சாட்டும் கூடின. ஆய்வு 2018-இல் வெளியானது. யோசித்தால் புரிகிற விஷயம்தான்: சுற்றி நாற்பது பேர் கேட்டுக்கொண்டிருக்கும்போது யாரும் மனம் விட்டுப் பேசுவதில்லை. ஹெட்போனை மாட்டிக்கொண்டு பக்கத்து சீட்டுக்கே மெசேஜ் போடுகிறார்கள்.

யாருக்கும் நிரந்தர சீட் இல்லாத ஹாட் டெஸ்க் முறை நல்லதா?

வாரம் ஓரிரு நாள் மட்டும் வருகிறவருக்குத் தொந்தரவில்லை. தினம் வரச்சொல்லிவிட்டு நிரந்தர சீட்டும் தராமல், காலையில் ஆப்பில் இடம் பிடிக்கச் சொன்னால், அது வாடகையை மிச்சம் பிடிப்பதுதான். குறைந்தபட்சம் ஒரு லாக்கரும், டீம் ஒன்றாக உட்கார ஒரு பகுதியும் கேளுங்கள்.

வீட்டிலிருந்து வேலை என்பதே கொரோனாவில்தான் வந்ததா?

இல்லை. 1973-லேயே கலிபோர்னியாவில் ஜாக் நில்ஸ் இதை ஆராயத் தொடங்கிவிட்டார். ராக்கெட் துறையில் இருந்த பொறியாளர். லாஸ் ஏஞ்சலிஸ் போக்குவரத்து நெரிசலுக்கு, ஆளை நகர்த்துவதற்குப் பதில் வேலையை நகர்த்துவதே தீர்வு என்றார். ஆனால் ஆளை வீட்டுக்குள் உட்காரவைப்பது அவருடைய முதல் யோசனை அல்ல. ஒரு காப்பீட்டு நிறுவனத்தோடு சேர்ந்து, ஊழியர் வீடுகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்னக் கிளை அலுவலகங்கள் வைத்துச் சோதித்துப் பார்த்தார். இதைக் கொஞ்சம் நினைவில் வையுங்கள், கீழே தேவைப்படும்.

நம் நாட்டில் தடையாக நின்றவற்றில் ஒன்று சட்டம். கால் சென்டர், பி.பி.ஓ. நிறுவனங்கள் தொலைத்தொடர்புத் துறையில் ‘பிற சேவை வழங்குநர்’ என்று பதிவு செய்ய வேண்டியிருந்தது. வீட்டிலிருந்து வேலை என்றால் கூடுதல் நிபந்தனைகள், பிணைத்தொகை எல்லாம் இருந்தன. 2020 மார்ச்சில் இவற்றை அவசரமாகத் தளர்த்தினார்கள், நவம்பரில் விதிகளையே மாற்றினார்கள். அடுத்தது சிறப்புப் பொருளாதார மண்டலம். ஓ.எம்.ஆர். வளாகங்களில் பல அந்த வகை. மண்டலத்துக்குள் வேலை நடந்தால்தான் வரிச்சலுகை. வீட்டிலிருந்து வேலை பார்க்க அனுமதிக்கும் தனி விதி 2022 ஜூலையில்தான் சேர்ந்தது.

சென்னைக்கு ஒரு முன்னோட்டமும் இருந்தது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பல நிறுவனங்கள் ஆட்களைப் பெங்களூருக்கு அனுப்பின, முடிந்தவர்களை வீட்டிலிருந்து பார்க்கச் சொன்னன. 2020 மார்ச் 24 இரவு ஊரடங்கு அறிவிப்பு வந்தபோது, லேப்டாப் இல்லாதவர்களுக்கு டெஸ்க்டாப்பையே வண்டியில் ஏற்றி வீட்டுக்குக் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். வேலை நிற்கவில்லை. ‘முடியாது’ என்று அதுவரை சொல்லிவந்த காரணங்களில் எவை உண்மை, எவை வெறும் பழக்கம் என்பது சில வாரங்களில் தெரிந்துவிட்டது.

வீட்டிலிருந்தால் வேலை குறையுமா, கூடுமா?

இதற்கு நம்பகமான பதில் சீனாவில் கிடைத்தது. ஷாங்காயின் சிட்ரிப் என்ற பயண நிறுவனத்தில், ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த நிக்கோலஸ் புளூமும் கூட்டாளிகளும் 2010 முடிவில் தொடங்கி ஒன்பது மாதம் சோதனை நடத்தினார்கள். விருப்பம் தெரிவித்த கால் சென்டர் ஊழியர்களில், பிறந்த தேதி இரட்டைப்படையாக இருந்தவர்களுக்கு வீடு, ஒற்றைப்படைக்கு ஆபீஸ். இப்படிக் குலுக்கல்போல் பிரித்ததால், சுறுசுறுப்பானவர்கள் மட்டும் வீட்டுக்குப் போய்விட்டார்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது, வேலையை விட்டுப் போகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள்.

அதே ஆய்வில் கசப்பான இரண்டு விஷயங்களும் உண்டு. ஒரே அளவு வேலை செய்தும் வீட்டிலிருந்தவர்களுக்குப் பதவி உயர்வு குறைவாகவே கிடைத்தது. அப்புறம், சோதனை முடிந்து ‘உங்கள் இஷ்டம்’ என்றபோது, வீட்டிலிருந்தவர்களில் ஏறக்குறைய பாதிப் பேர் ஆபீஸுக்கே திரும்பிவிட்டார்கள். தனிமை தாங்கவில்லை.

அதே நிறுவனம் (இப்போது டிரிப்.காம்) பின்னர் ஹைப்ரிட்டையும் (சில நாள் ஆபீஸ், சில நாள் வீடு) சோதித்தது. 1,612 பேர், பாதிப் பேருக்கு வாரம் இரண்டு நாள் வீடு. முடிவு 2024-இல் நேச்சர் இதழில் வந்தது. பதவி உயர்விலும் மதிப்பீட்டிலும் வித்தியாசம் இல்லை, வேலையை விட்டவர்கள் மூன்றில் ஒரு பங்கு குறைந்தார்கள். சோதனைக்கு முன் ‘வேலை கெடும்’ என்று சொன்ன மேனேஜர்கள், முடிந்தபின் கருத்தை மாற்றிக்கொண்டார்கள்.

அப்படியானால் ஏன் எல்லோரையும் திரும்பக் கூப்பிடுகிறார்கள்?

டி.சி.எஸ். 2020-இல், 2025-க்குள் ஒரு நேரத்தில் 25 சதவீத ஊழியர்கள் மட்டும் ஆபீஸில் இருந்தால் போதும் என்றது. 2023-இல் வாரம் ஐந்து நாளும் வரச்சொன்னது. அமேசான் 2025 ஜனவரியிலிருந்து ஐந்து நாள் என்றது. காரணங்கள் கலவையானவை. கட்டிவைத்த வளாகங்கள் காலியாகக் கிடக்கின்றன, கிளையன்டுக்குத் தரவுப் பாதுகாப்பு பற்றிக் கவலை, புதியவர்களுக்குக் கற்றுக்கொடுப்பது சிரமம்.

கடைசிக் காரணத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அது ஐந்து நாளுக்கான காரணம் அல்ல. டீம் சேர்ந்து வரும் இரண்டு மூன்று நாளுக்கான காரணம். ஆபீஸுக்கு வந்து, நாள் முழுக்க வேறு ஊரில் இருப்பவரோடு வீடியோ காலில் பேசிவிட்டுத் திரும்புகிறவரிடம் ‘கூடி வேலை பார்க்கும் அருமை’ பற்றிச் சொன்னால் அவர் எப்படி ஏற்றுக்கொள்வார்?

நான் ஃப்ரெஷர். முழுக்க வீட்டிலிருந்தே பார்க்கும் வேலை கிடைத்திருக்கிறது. சேரலாமா?

வேறு வழியில்லை என்றால் சேருங்கள். வழியிருந்தால் முதல் ஒன்றிரண்டு வருடம் ஆட்களோடு உட்காருங்கள். ஒரு அமெரிக்க நிறுவனத்தின் மென்பொருள் பொறியாளர்களை வைத்து நடந்த ஆய்வில், பக்கத்தில் உட்கார்ந்த இளையவர்களுக்கு அவர்கள் எழுதிய நிரல் மீது மூத்தவர்களிடமிருந்து அதிகக் கருத்துகள் கிடைத்தன. அதற்காக மூத்தவர்கள் தங்கள் சொந்த வேலையில் கொஞ்சத்தை இழந்தார்கள். அந்த இழப்பை நிறுவனம் கணக்கில் வைக்க வேண்டும். சொல்லித்தருகிறவருக்கு அப்ரைசலில் அதற்கு ஒரு வரிகூட இல்லை என்றால், ஆபீஸ் திறந்திருந்தும் புதியவருக்குப் பயனில்லை.

வீட்டில் ஆபீஸ் வைக்க என்ன வேண்டும்?

கதவு உள்ள ஓர் அறை. நாற்காலி, மானிட்டர், யு.பி.எஸ். எல்லாம் அதற்குப் பின்னால்தான்.

மேடவாக்கத்தில் எனக்குத் தெரிந்த ஒரு வீடு. ஒரு படுக்கையறை ஃபிளாட், கணவன் மனைவி இருவரும் ஐடி, மாமியார், இரண்டாம் வகுப்புப் பையன். படுக்கையறையில் கணவர். அவருக்கு கிளையன்ட் கால் அதிகம் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. மனைவிக்குச் சமையலறையை ஒட்டிய சாப்பாட்டு மேஜை. மிக்ஸி போட வேண்டுமென்றால் மாமியார் சைகையில் கேட்பார், இவர் விரலைக் காட்டி ஐந்து நிமிடம் என்பார், மியூட் போட்டதும் தலையாட்டுவார். பையன் பள்ளியிலிருந்து வந்தால் முதலில் பார்ப்பது அம்மா முகத்தைத்தான். ஹெட்செட் காதில் இருந்தால் பேசக்கூடாது என்று கற்றுக்கொண்டிருக்கிறான். இவர்கள் இருவரும் ஒரே சம்பள வரம்பில், ஒரே அளவு பொறுப்பில் இருக்கிறவர்கள். கதவு மட்டும் ஒருவருக்குத்தான்.

மின்சாரம், இணையம், ஏ.சி. செலவு நிறுவனத்திடமிருந்து ஊழியருக்கு மாறிவிட்டது என்பதையும் மறக்க வேண்டாம். சம்பளக்காரர் வீட்டு ஆபீஸுக்காக வாங்கிய நாற்காலிக்கென்று வருமானவரியில் தனிக் கழிவு கிடையாது, எல்லோருக்கும் உள்ள நிலைக் கழிவுதான். எனவே நிறுவனத்திடமே கேட்டு வாங்குவதுதான் வழி.

பிரசவ விடுப்பு முடிகிறது. வீட்டிலிருந்து வேலை கேட்கச் சட்டத்தில் இடம் உண்டா?

இடம் உண்டு, உரிமையாக இல்லை. மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம், 26 வார விடுப்புக்குப் பிறகு, வேலையின் தன்மை அனுமதித்தால் இரு தரப்பும் ஒப்புக்கொள்ளும் காலத்துக்கு வீட்டிலிருந்து பார்க்கலாம் என்றது. நிறுவனம் ‘அனுமதிக்கலாம்’, அவ்வளவுதான். ஆனால் 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் கட்டாயம், தாய் நாளுக்கு நான்கு முறை போய்ப் பார்க்கலாம். அந்தச் சட்டத்துக்குப் பதிலாக 2025 நவம்பரில் நடைமுறைக்கு வந்த, 2020-இன் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இவை உண்டு. காப்பகம் எங்கே என்று எழுத்தில் கேளுங்கள். வீட்டிலிருந்து வேலை கிடைத்தால், சிட்ரிப்பில் பதவி உயர்வுக்கு நேர்ந்ததை நினைத்து, அப்ரைசல் எதை வைத்து என்பதையும் முன்கூட்டியே எழுதி வாங்குங்கள்.

மவுஸ் அசைகிறதா என்று பார்க்கும் மென்பொருளைப் போடலாமா?

சட்டம் பெரிதாகத் தடுக்கவில்லை. 2023-இன் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், வேலை தொடர்பான சில தேவைகளுக்கு ஊழியரின் சம்மதம் இல்லாமலே தரவைக் கையாள இடம் தருகிறது.

மேனேஜர்களுக்கு நான் சொல்வது: போடாதீர்கள். லார்க்கின் கட்டடத்தின் மாடத்தைக் கொண்டுபோய் ஒருவர் வீட்டுக்குள் வைக்கிற வேலை இது. மவுஸை அசைப்பது வேலையல்ல என்று உங்களுக்கே தெரியும். அளக்கத் தொடங்கியதும் மவுஸ் நன்றாக அசையும், வேலை அப்படியேதான் இருக்கும்.

‘நெகிழ்வான வேலை நேரம்’ என்றால் ஊழியருக்கு நல்லதுதானே?

முடிவு யார் கையில் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் இது நேருக்கு நேராக வந்து நின்றது. 2023 ஏப்ரல் 21 அன்று தொழிற்சாலைகள் சட்டத் திருத்த மசோதா சட்டமன்றத்தில் நிறைவேறியது. வாரம் 48 மணி நேரம் என்ற வரம்பு மாறாது, ஆனால் நாளுக்கு 12 மணி நேரம் வரை வேலை வைக்க வழிவிடும் திருத்தம். நான்கு நாள் உழைத்து மூன்று நாள் ஓய்வு, விரும்புகிறவர்களுக்கு மட்டும் என்று அரசு விளக்கம் சொன்னது. கூட்டணியிலிருந்த கம்யூனிஸ்டுகளும் விடுதலைச் சிறுத்தைகளும் வெளிநடப்பு செய்தார்கள், தொழிற்சங்கங்கள் கொதித்தன. சில நாளில் நிறுத்திவைத்தார்கள், மே தினத்தன்று முதல்வர் மசோதாவைத் திரும்பப் பெறுவதாக அறிவித்தார்.

எதிர்த்தவர்கள் சரியாகத்தான் செய்தார்கள் என்பது என் கருத்து. ஒரகடத்தில் ஒப்பந்தத் தொழிலாளி ஒருவர் ‘எனக்கு 12 மணி நேரம் வேண்டாம்’ என்று சொல்லிவிட்டு அடுத்த நாளும் வேலையில் இருக்க முடியுமா? மறுக்க முடியாதவரிடம் கேட்கும் விருப்பம் விருப்பமாகாது. சோழிங்கநல்லூரில் இருக்கும் டீம் லீடுக்கும் இதே அளவுகோல்தான். வீட்டில் இருக்கிறாய் அல்லவா, இரவு பத்து மணிக்கும் காலில் வா என்றால், நேரம் வளைவது நிறுவனத்துக்காக மட்டுமே.

கடையில், ஆலையில் வேலை பார்ப்பவர்களுக்கு இதில் என்ன இருக்கிறது?

இவர்களைப் பற்றிப் பேசாமல் வேலையின் எதிர்காலம் பற்றிப் பேசுவது சரியில்லை. தி.நகர் ஜவுளிக் கடைகளில் பெண்கள் காலையிலிருந்து இரவு வரை நின்றபடியே புடவை எடுத்துப் போட்டுக்கொண்டிருந்தார்கள். கால் வீங்கினாலும் ஸ்டூல் கிடையாது. 2018-இல் கேரளம் சட்டம் திருத்தியது. 2021-இல் தமிழ்நாடு, கடைகள் மற்றும் நிறுவனங்கள் சட்டத்தில் 22-அ என்ற பிரிவைச் சேர்த்து, எல்லா ஊழியர்களுக்கும் இருக்கை வசதி தர வேண்டும் என்றது. உட்காரும் உரிமை. ஒரு தரப்பு எந்த ஊரிலிருந்து வேலை பார்ப்பது என்று பேசும்போது, இன்னொரு தரப்புக்கு வேலை நேரத்தில் உட்காருவதற்கே சட்டம் வேண்டியிருந்தது. சட்டம் வந்தபிறகும் ஸ்டூல் வந்ததா என்று அடுத்த முறை புடவை எடுக்கப் போகும்போது பாருங்கள், இல்லை என்றால் கடைக்காரரிடம் கேளுங்கள்.

இந்த வேலைகளை வீட்டுக்குக் கொண்டுபோக முடியாது. ஆனால் அடுத்த மாத ஷிப்ட் அட்டவணையை முன்கூட்டியே தருவது, சக ஊழியரோடு ஷிப்ட் மாற்றிக்கொள்ள விடுவது, காதுகுத்துக்கு அரை நாள் எடுக்க விடுவது எல்லாம் முடியும். செலவு அதிகமில்லை.

சொந்த ஊரில் இருந்துகொண்டே வேலை பார்ப்பது நடக்கிற காரியமா?

எனக்கு மிகவும் நம்பிக்கை தரும் பகுதி இதுதான். ஜாக் நில்ஸின் முதல் யோசனை இங்கே உருப்பெற்றுவருகிறது. ஜோஹோ என்ற மென்பொருள் நிறுவனம் 2011-இலேயே தென்காசிக்கு அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் வைத்தது. அரசு தரப்பில் விழுப்புரம் மாவட்டத்து மினி டைடல் பார்க் 2024 பிப்ரவரியிலும், தஞ்சாவூர், சேலம் பூங்காக்கள் அதே ஆண்டு செப்டம்பரிலும், தூத்துக்குடி டிசம்பரிலும் திறந்தன. நிறுவனம் அந்த ஊரில் இல்லாதவர்களுக்குக் கோ-வொர்க்கிங் இடம், அதாவது பலர் பகிர்ந்துகொள்ளும் பொது அலுவலகம். சென்னை கொளத்தூரில் 2024 நவம்பரில் திறந்த முதல்வர் படைப்பகம், மாணவர் படிக்கவும் தனியாகத் தொழில் செய்கிறவர் வேலை பார்க்கவும் ஒரே கட்டடத்தில் மேஜை தருகிறது. இப்படி ஒன்று ஒவ்வொரு தாலுகாத் தலைநகரிலும் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் வர வேண்டும் என்பது என் ஆசை. மேடவாக்கத்துச் சாப்பாட்டு மேஜைக்கும் சிறுசேரிப் பயணத்துக்கும் நடுவில் ஒரு வழி அது. வீட்டுக்கு நடந்துபோகும் தூரம், ஆனால் வீடு இல்லை.

பணக் கணக்கு ஒன்று. சென்னை வாடகையை விட்டுவிட்டு அப்பா அம்மா வீட்டில் வாடகை கொடுக்காமல் இருந்தால், பழைய வரிமுறையில் இருப்பவர்களுக்கு வீட்டு வாடகைப் படி விலக்கு போய்விடும். மாவட்டத் தலைநகரில் வாடகை கொடுத்து இருந்தாலும், விலக்கின் உச்சவரம்பு சென்னைக்கு அடிப்படைச் சம்பளத்தில் 50 சதவீதம், அங்கே 40 சதவீதம்.

மழை நாளில்?

வீட்டிலேயே இருங்கள். 2024 அக்டோபரில் கனமழை எச்சரிக்கை வந்தபோது, ஐடி ஊழியர்களை வீட்டிலிருந்து வேலை பார்க்க அறிவுறுத்தும்படி முதல்வரே நிறுவனங்களைக் கேட்டுக்கொண்டார். பள்ளிக்கரணையில் தண்ணீர் நிற்கும்போது ஸ்வைப் கணக்குப் பார்க்கும் மேனேஜருக்கு மேலிடத்தில் சொல்லத் தயங்க வேண்டாம்.

வேலை நேரம் முடிந்தபின் போனை எடுக்காமல் இருக்கலாமா?

பிரான்ஸில் 2017 முதல் இதற்குச் சட்டம் உண்டு, ஆஸ்திரேலியாவில் 2024 ஆகஸ்ட் முதல். இந்தியாவில் சுப்ரியா சுலே 2018 இறுதியில் மக்களவையில் தனிநபர் மசோதாவாகக் கொண்டுவந்தார், சட்டமாகவில்லை. எனவே இங்கே டீமுக்குள் பேசி வைத்துக்கொள்வதுதான். எத்தனை மணிக்கு மேல் மெசேஜ் போட்டால் மறுநாள் பதில், உண்மையான அவசரத்துக்கு யார் போன் செய்வார் என்று இரண்டு வரி போதும். மேனேஜர் அதை முதலில் கடைப்பிடிக்க வேண்டும்.

ஊருக்குப் போய் அங்கிருந்து வேலை பார்க்க அனுமதி கேட்கப்போகிறேன். எப்படிக் கேட்பது?

‘அம்மாவுக்கு உடம்பு சரியில்லை’ என்று தொடங்காதீர்கள். அது உண்மையாகவே இருக்கலாம், ஆனால் சலுகையாகக் கிடைத்தது சலுகையாகவே ஒரு நாள் போய்விடும். உங்கள் வேலையில் எவை தனியாகச் செய்வது, எவை டீமோடு செய்வது என்று முதலில் பிரித்து எழுதுங்கள். மூன்று மாதச் சோதனை என்று கேளுங்கள். அந்த மூன்று மாதத்தில் எதைப் பார்த்து ‘சரியாகப் போகிறது’ என்று முடிவு செய்வது என்பதை நீங்களே எழுதிக் கொடுங்கள்: முடித்த டிக்கெட் (ஒதுக்கப்பட்ட வேலை), கிளையன்ட் கருத்து, என்ன பொருந்துமோ அது. மாதத்துக்கு எத்தனை நாள் சென்னைக்கு வருவீர்கள், பயணச் செலவு யாருடையது, கரன்ட் போனால் என்ன ஏற்பாடு என்பதும் அதிலேயே இருக்கட்டும். ஒப்புக்கொண்டால் மின்னஞ்சலில் வாங்குங்கள். டீம் லீட் வாய்மொழியாகச் சொன்னது, அவர் வேறு புராஜெக்டுக்குப் போன அன்றே செல்லாது. மறுத்தால் காரணத்தையும் எழுத்தில் கேளுங்கள், ஆறு மாதம் கழித்து அதே தாளோடு மறுபடி போங்கள்.